ஓடுபாதையும் உழுநிலமும்

நம் சங்கத்து மாலைக் கூட்டங்களில் பேச்சு எங்கே தொடங்கினாலும், ஊருக்குப் போவதில்தான் வந்து முடியும். சென்ற மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, பாபத்பூரில் இருக்கிற ஓடுபாதையில்தான் விமானங்கள் ஒழுங்காக இறங்குகின்றனவே, அதை நாலாயிரம் மீட்டருக்கு நீட்டுவானேன்?" சிவில் இஞ்சினீயரிங் படிக்கிறவன் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று சுருக்கமாகச் சொன்னதைச் சற்று விரித்து எழுதித் தரும்படி மலராசிரியர் கேட்டுக்கொண்டார். அதன் விளைவே இக்கட்டுரை.

காசி நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாபத்பூர். அங்குள்ள விமான நிலையம் 2005-இல் லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைப் பெற்றது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை இதன் விரிவாக்கத்துக்கு 2,869 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 39 லட்சம் பிரயாணிகளுக்கு ஏற்ற நிலையத்தை 99 லட்சம் பேருக்கு ஏற்றதாக்குவது நோக்கம். 75,000 சதுர மீட்டரில் புதிய டெர்மினல் கட்டடம். 20 விமானங்கள் நிற்கத்தக்க புதிய மேடை. 2,745 மீட்டர் ஓடுபாதை 4,075 மீட்டராக நீளும். பத்திரிகையில் படிக்கும்போது இவை வெறும் எண்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்குகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

முதற் கணக்கு எதிர்காலத்தைப் பற்றியது. ஆகவே மிகவும் நம்பத் தகாதது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை பேர் பறப்பார்கள்? ஜனத்தொகை, வருமானம், டிக்கெட் விலை, யாத்திரிகர் வரவு, ரயிலின் வேகம் ஆகியவற்றையெல்லாம் வைத்து ஒரு கோடு வரைகிறார்கள். 2019-20-இல் பாபத்பூரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் ஏறி இறங்கினார்கள். அடுத்த ஆண்டே கொரோனா வந்து அந்தக் கோட்டைப் பள்ளத்தில் தள்ளியது. எந்த நிபுணரும் அதை முன்கூட்டி வரைந்து வைத்திருக்கவில்லை. ஆகவே, கெட்டிக்காரத் திட்டக்காரர் "இந்த வருஷத்தில் கட்டு" என்று எழுதுவதில்லை; "பிரயாணிகள் இத்தனை லட்சத்தைத் தொடும்போது அடுத்த பகுதியைக் கட்டு" என்று எழுதி வைப்பார். கூட்டம் வராவிட்டால் செங்கல் காத்திருக்கலாம். நிலம் மட்டும் காத்திராது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. புதிய டெர்மினலின் பங்கு ஆண்டுக்கு 60 லட்சம் பேர். 365 நாளால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 16,400. அதை 24 மணியால் வகுத்தால் மணிக்கு 685 பேர். ஆனால் திட்டத்தில் உள்ள எண் என்ன தெரியுமா? நெருக்கடி மணியில் 5,000 பேர்! ஏழு மடங்குக்கும் மேல். இது ஊதாரித்தனம் அல்ல. நம் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் திறந்திருந்தாலும் எட்டரை மணிக்கு நிற்கும் வரிசைக்கு ஏற்பத்தானே தட்டுகள் வாங்க வேண்டும்? விமானங்களும் சமமாகப் பரவி வருவதில்லை. காலையிலும் மாலையிலும் கொத்தாக வருகின்றன. அதன் மேல் தேவ தீபாவளி. அதன் மேல் மார்கழி மூடுபனி. பனியால் காலை விமானங்கள் தாமதித்தால், அவற்றின் பிரயாணிகளும் நண்பகல் பிரயாணிகளும் ஒரே கூடத்தில் நெருக்கி நிற்பார்கள். ஆனாலும் ஆண்டின் மிக மோசமான மணிக்கென்று கட்டினால் பணம் வீண். ஆண்டின் மணிகளையெல்லாம் நெருக்கடி வரிசையில் அடுக்கி, முப்பதாவதாக வரும் மணியை அளவுகோலாகக் கொள்வது ஒரு பழைய வழக்கம். அதாவது, ஆண்டில் 29 மணி நேரம் ஜனங்கள் கொஞ்சம் திண்டாடட்டும் என்று கணக்கிலேயே ஒப்புக்கொண்டு கட்டுகிறார்கள். நீங்கள் போகிற நாளெல்லாம் அந்த 29-இல் ஒன்றாக அமைந்தால் அது உங்கள் ஜாதகம்!

இனி ஓடுபாதை. விமானத்தைத் தூக்குவது காற்று. காற்று சூடானால் அடர்த்தி குறையும்; இறக்கைக்குப் பிடிப்பும் எஞ்சினுக்கு வலுவும் குறையும். ஆகவே வெப்ப ஊர்களில் விமானம் கூடுதலாக ஓடித்தான் எழும்ப வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கைக்கணக்கு எளியது: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீளத்தை 7 சதவீதம் கூட்டு; அந்த உயரத்தின் நியம வெப்பத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் கூட்டு. கடல் மட்டத்தில், 15 டிகிரியில், 2,200 மீட்டர் கேட்கும் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாபத்பூர் கடல் மட்டத்துக்கு மேல் 81 மீட்டர். உயரத்துக்காகச் சுமார் 2 சதவீதம். மே மாதப் பகல் வெப்பத்தை 40 டிகிரி என்று வைத்தால், வெப்பத்துக்காக 25 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக மொத்தம் ஏறத்தாழ 2,810 மீட்டர். இப்போதைய 2,745 போதவில்லை பாருங்கள்! அப்போது விமானக் கம்பெனி சுமையைக் குறைக்கும். அல்லது வெயில் தாழ்ந்தபின் கிளம்பும். இதுவே பெரிய உடல் விமானமாகி, தூர தேசத்துக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்புமானால் தேவை இன்னும் ஏறும். சாரநாத்துக்கு வரும் பௌத்த யாத்திரிகர்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் 4,075 என்பது அவ்வளவு விந்தையாகத் தோன்றாது.

இதுவரை சொன்னது வேலிக்கு உள்ளே இருப்பவை. என் அபிப்பிராயத்தில் நீண்டகாலத் திட்டத்தின் முக்கியமான பாதி வேலிக்கு வெளியே இருக்கிறது.

ஓடுபாதையின் முனைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம் உண்டு. முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி, 50 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் அது உயர்ந்து செல்லும். அதைத் துளைத்துக்கொண்டு வீடோ, மரமோ, கம்பமோ நிற்கலாகாது. பெரிய நிலையங்களில் கருவி கொண்டு இறங்கும் ஓடுபாதைகளுக்கு வழக்கமான விதி இது. சாய்தளம் தொடங்கும் இடத்திலிருந்து 1,500 மீட்டர் தள்ளி ஒருவருக்கு மனை இருக்கிறதென்று வையுங்கள். அங்கே 30 மீட்டர் உயரம் வரை கட்டலாம், ஒன்பது மாடி! இப்போது ஓடுபாதையை அவர் பக்கமாகவே 1,330 மீட்டர் நீட்டுகிறோம். சாய்தளமும் கூடவே நகர்கிறது. அவர் மனை 170 மீட்டரில் வந்துவிடும். அனுமதி உயரம் 3.4 மீட்டர். ஓட்டு வீட்டின் முகடுகூட இடிக்கும். அவர் நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஆனால் நிலத்தின் மேலிருந்த ஆகாயம் போய்விட்டது.

ஆகவேதான் எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். சீக்கிரம் முடிவாகவும் வேண்டும். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்து விமான நிலையம் ஒன்றின் அருகே என் தாய்மாமனுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. நிலையத்தின் பெயர் வேண்டாம். நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து உண்டு. அவர் கிணற்றை ஆழப்படுத்தவில்லை. விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. ஒரு விடுமுறையில், வரப்பெல்லாம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து, "ஏன் மாமா, தென்னை வைக்கலாமே?" என்றேன். "வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் மாப்பிள்ளை, காய்க்கிற சமயத்தில் வந்து அளப்பார்கள்" என்றார். நிலம் போனால் நஷ்ட ஈடு உண்டு. போகுமா போகாதா என்று காத்திருந்த வருஷங்களுக்கு எந்தச் சட்டத்திலும் ஈடு இல்லை.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பழைய 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட எவ்வளவோ மேல். கிராமப்புற நிலத்துக்குச் சந்தை விலையைப் போல நான்கு மடங்கு வரை கிடைக்க அதில் வழி உண்டு. மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைக்காரரையும் கூலியாளையும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பமாக அது கருதுகிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது; ஊரில் நிலமுள்ளவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

"அப்படியானால் ஒரேயடியாகத் தாராளமாக எடுத்து வைத்துவிடலாமே" என்று தோன்றும். அதற்கும் உலகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கானடா சர்க்கார் மாண்ட்ரியல் நகருக்கு அருகே மிராபெல் என்னுமிடத்தில், 1969-இல் தொடங்கி, ஏறத்தாழ 97,000 ஏக்கரைக் குடியானவர்களிடமிருந்து எடுத்தது. 1975-இல் நிலையம் திறந்தாயிற்று. ஆனால் நகரத்திலிருந்து தொலைவு அதிகம். வாக்களித்த ரயில் வரவில்லை. பழைய நிலையத்தையும் மூடவில்லை. எதிர்பார்த்த கூட்டம் வரவேயில்லை. 2004-இல் பிரயாணி விமானங்கள் அங்கே நின்றுபோயின. எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை 1980-களிலேயே திருப்பி விற்றுவிட்டார்கள். பிரயாணிகளுக்கான கட்டடத்தைப் பின்னர் இடித்தார்கள். திரும்ப வாங்கிய குடியானவருக்கு நிலம் கிடைத்தது. இடையில் போன காலம் கிடைக்கவில்லை.

பாபத்பூரில் நீட்சிக்குக் குறுக்கே நின்றது தேசிய நெடுஞ்சாலை 31. சாலையைச் சுற்றிவிடுவதற்குப் பதில், ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டு போவதென்று தீர்மானித்து, 2025 ஏப்ரலில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். ஓடுபாதையின் அகலம் 45 மீட்டர்தானே, சின்னச் சுரங்கம் போதாதா என்று கேட்கலாம். போதாது. பாதை தவறும் விமானம் கவிழாமலிருக்க, நடுக்கோட்டின் இருபுறமும் 140 மீட்டர் சமதரையாக விட வேண்டும். ஆக 280 மீட்டருக்குச் சாலை தலை நீட்டக் கூடாது. அதன்பின் வாகனங்கள் இறங்கவும் ஏறவும் இருபுறமும் சரிவு வேண்டும். கூரையோ பெரிய விமானத்தின் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். நம் மதுரையிலும் இதே சிக்கல்தான்: ஓடுபாதையை நீட்டப் போனால் வட்டச்சாலை குறுக்கே வருகிறது. அங்கேயும் சுரங்கப் பாதை என்ற யோசனை நெடுநாள் பேசப்பட்டது. கோடை விடுமுறைக்கு மதுரை போகிறவர்கள் அந்தச் சாலை வழியே ஒருமுறை சென்று, முனைக்கும் சாலைக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு வந்தால், அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசலாம்.