விரல்கள் மறப்பதில்லை

என் உம்மும்மாவுக்கு இப்போது என் பெயர் நினைவில் நிற்பதில்லை. ஆனால், பன்புல்லைக் கையில் கொடுத்தால் போதும்; அவரது விரல்கள் பிசகாமல் பாய் இழைக்கின்றன. இது எப்படி என்று தேடிப் படித்தேன்.

1953 இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஹிப்போகம்பஸ் என்னும் உறுப்பின் முன்பகுதியும் அதை அண்டிய பகுதிகளும் இருபுறமும் அகற்றப்பட்டன. அதன்பின் புதிதாக நடந்தவற்றை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கையையும் தாளையும் கண்ணாடியில் மட்டுமே பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றை வரையும்படி அவரிடம் கூறினார். மூன்று நாட்களில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால், முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை!

ஆகவே, நிகழ்ச்சிகள் பதியும் வழி வேறு. கைப்பழக்கம் பதியும் வழி வேறு. கை தவறும்போது, மூளி எனப்படும் சிறுமூளை அப்பிழையைக் கொண்டு அடுத்த அசைவைத் திருத்த உதவுகிறது. திரும்பத் திரும்பச் செய்கையில் நரம்புக் கலங்களுக்கிடையிலான இணைப்புகள் மாறிப் பழக்கம் உறுதிப்படுகிறது. நல்ல நித்திரையும் அதற்குத் துணைசெய்கிறது.

தோழியரே, தையல் பழகும் முதல் நாளில் நூல் அறுந்தால் வருந்தாதீர்கள். அப்பிழையிலிருந்துதான் மூளை கற்கிறது. பெற்றோரே, மறதியுற்ற முதியோரை ஒன்றும் தெரியாதவர்கள் என ஒதுக்கிவிடாதீர்கள்.

நேற்று உம்மும்மாவின் அருகிலிருந்து இழைக்கப் பழகினேன். நான் பிசகிய இடத்தை அவர் பேசாமல் பிரித்து, மறுபடியும் என் கையில் தந்தார்.