தேறுவானா புதுப் பையன்?

சடுகுடு களத்தில் பாடிப் போகிறவனை எடை போடுவது சுலபம். போனான், தொட்டான், திரும்பி வந்தான். எத்தனை பேரைத் தொட்டான் என்று எண்ணினால் போதும். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பிடிப்பவனை எப்படி எடை போடுவது?

நாற்பது நிமிஷ ஆட்டத்தில் ஒருவன் நான்கு தடவை பிடித்தாலே பெரிய காரியம்! மற்ற நேரமெல்லாம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? சும்மா நின்றானா? அந்தச் 'சும்மா'வில்தான் விஷயம் இருக்கிறது.

வைகை அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் சடுகுடு தெரியாத பிள்ளை இல்லை. ஆண்டிபட்டிப் பக்கமானாலும் சரி, பெரியகுளம் பக்கமானாலும் சரி, பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போட்டி வைப்பது தென் மாவட்டத்து வழக்கம். போட்டிக்கு முன்னால் பயிற்சி ஆட்டம் நடக்கும். மண்ணைக் கொத்திக் கிளறி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக் களம் தயாராகிவிடும். பழைய ஆட்டக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். புதிதாக ஒரு பையன் இறங்குவான். வயது பதினெட்டு இருக்கும். நல்ல உடம்பு.

"தேறுவானா?"

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. சில வீடுகளில் இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ், வங்கி என்று பல இடங்களில் கபடி ஆடித்தான் பலர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அதற்கெல்லாம் முதல் படி, ஊர் அணியில் ஓர் இடம். ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "இவன் ஆகமாட்டான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பையன் மறுநாள் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் களத்துக்குத் திரும்பி வருவது கடினம்.

எண்ணிக்கை ஏமாற்றும்

முதல் நாள் பையன் ஆறு பேரைப் பிடித்தான் என்று வைத்துக்கொள்வோம். ஊரே கை தட்டும். ஆனால் விவரம் தெரிந்தவர் உடனே ஒன்றைக் கேட்பார்: "பாடி வந்தது யாரு?"

பயிற்சி ஆட்டத்தில் நல்ல பாட்டுக்காரர்கள் முழு மூச்சாக ஆடமாட்டார்கள். காலைக் காப்பாற்றிக்கொள்வார்கள். பாதி நேரம் வெளியே உட்கார்ந்து, சின்னப் பையன்களை அனுப்புவார்கள். அவர்களைப் பிடித்த ஆறு பிடியும் ஒன்றுதான். திருவிழா ராத்திரியில் தேர்ந்த ஆட்டக்காரன் ஒருவனைப் பிடிக்கும் ஒரே பிடியும் ஒன்றுதான்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஒரு பந்தாட்டம் உண்டு. பெயர் கால்பந்து, ஆனால் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்! அங்கே முன்வரிசையில் நின்று எதிரியைத் தடுத்துத் தள்ளுவதற்கென்றே மலை போன்ற ஆட்கள் இருப்பார்கள். ஒவ்வோர் அணியும் 90 பேரைக் கூட்டி வைத்து, ஆகஸ்ட் மாதத்தில் மூன்று பயிற்சி ஆட்டம் ஆடி, கடைசியில் 53 பேரை மட்டும் நிறுத்திக்கொள்ளும். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கேயும் பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சி ஆட்டத்தில் அதிகம் இறங்குவதில்லை. ஆகவே, புதிதாக வந்த தடுப்பு வீரன் யாரை எதிர்த்து நன்றாக ஆடினான் என்பதைத்தான் அங்கும் தோண்டித் துருவிப் பார்க்கிறார்கள்.

காலைப் பாருங்கள்

அப்படியானால் எதைப் பார்ப்பது? காலைப் பார்க்க வேண்டும்.

ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்கள் வளைவாக நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களை 'கார்னர்' என்கிறார்கள். அவர்களுக்கு உள்ளே நின்று தள்ளி மறிப்பவர்கள் 'கவர்'. பாடி வருகிறவன் முப்பது விநாடிக்குள் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கார்னரில் நிற்கும் பையனுக்கு முக்கியமான வேலை கணுக்கால் பிடி. களத்தில் 'போனஸ் கோடு' என்று ஒரு கோடு உண்டு. ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருக்கும்போது, பாடி வருகிறவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்தால் அவனுக்கு ஒரு புள்ளி. அந்தக் காலை அவன் நீட்டும் கண நேரத்தில் கணுக்காலைப் பற்றி இழுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் அவன் காலை இழுத்துக்கொள்வான். கொஞ்சம் பிந்தினால் பறந்துவிடுவான்.

நல்ல பையனின் குதிகால் அப்போது தரையில் அழுந்தி இருக்காது. முன்பாதத்தில் நின்றுகொண்டு, பூனை மாதிரி அசைந்துகொண்டே இருப்பான். முழங்கால் மடிந்திருக்கும். கண் எதிரியின் முகத்தில் இருக்காது, இடுப்பில் இருக்கும். முகம் பொய் சொல்லும். கை பொய் சொல்லும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான்.

வைகை அணையில் ஒரு முறை உண்டு. முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டதும் ஆற்றங்கரை மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. நிரம்பி வழியும்வரை யாரும் காத்திருப்பதில்லை! பிடிக்கத் தெரிந்தவனுக்கும் அப்படித்தான். எதிரியின் இடுப்பு திரும்புவது முதல் எச்சரிக்கை, தோள் சாய்வது இரண்டாவது. கால் நீளும்போது இவன் கை ஏற்கெனவே அங்கே இருக்கும்.

பிடிக்காமல் விடுவதும் ஒரு பிடி

புதுப் பையன்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆசையால்தான். எல்லாரும் பார்க்கிறார்களே என்று பாய்வார்கள். பாய்ச்சல் தவறினால் என்ன ஆகும்? பாய்ந்தவன் மட்டும் வெளியே போவதில்லை. அவனுக்கு உதவப் போய் எதிரியைத் தொட்ட இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போவார்கள். ஒரு அவசரத்தில் மூன்று புள்ளி போயிற்று!

"தம்பி, அவன் வரட்டும்டா! நீயா போகாதே!" என்று வெளியிலிருந்து கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். "சரிண்ணே" என்பான். அடுத்த தடவையும் பாய்வான்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல நேரம் உண்டு. ஒரு அணி அடுத்தடுத்து இரண்டு தடவை பாடி வந்து ஒரு புள்ளியும் எடுக்காமல் போனால், மூன்றாவது தடவை கட்டாயம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி வந்தவன் வெளியே. அப்போது அவசரம் எதிரிக்குத்தான், பிடிப்பவனுக்கு அல்ல. எதிரி உள்ளே வந்தே தீர வேண்டும். அந்த முப்பது விநாடியில் பொறுத்து நிற்கிற பையனைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தானே ஓடிப்போய் விழுகிற பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் இரட்டைப் புள்ளி. அணி சரிந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஆள் குறைந்த நிலையில், பையன் ஓரத்துக்கு ஒதுங்குகிறானா, பக்கத்தில் நிற்பவன் கையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறானா? இதைக் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தைப் பிடிப்பது, வாயைப் பொத்துவது, கால்களால் கத்தரி போட்டு இறுக்குவது எல்லாம் விதிப்படி தவறு. ஊர்க் களத்தில் சில நடுவர்கள் இதைக் கண்டும் காணாமல் விடுவதுண்டு. அந்தப் பழக்கத்தோடு பெரிய போட்டிக்குப் போனால் அட்டை காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். பையனுக்கு நல்லது நினைப்பவர் பயிற்சி ஆட்டத்திலேயே அதை நிறுத்திவிடுவார்.

மண்ணும் விரிப்பும்

இன்று பெரிய போட்டிகள் மண்ணில் நடப்பதில்லை. விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்கால், விரிப்பில் காலணி. மண்ணில் சறுக்கிக்கொண்டே போய்க் கணுக்காலைப் பிடிக்கலாம். விரிப்பு சறுக்காது, முழங்காலைத் தேய்த்து எடுத்துவிடும். மண்ணில் புலியாக இருந்த பையன் விரிப்பில் முதல் வாரம் தடுமாறுவது சகஜம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் அல்ல.

எடைக் கட்டுப்பாடும் உண்டு. ஆண்கள் பெரியவர் பிரிவில் 85 கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது. ஆகவே வெறும் பருமன் செல்லாது. பயில்வான் உடம்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பருமனும் வயதும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதனைச் சொல்ல வேண்டும். கணுக்கால் பிடிக்குப் பெயர் போனவர். 1975-ல் பிறந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016-ல், அவர் தலைமையில் பாட்னா அணி புரோ கபடி கோப்பையை வென்றது! அதே ஆண்டு ஆமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். இளம் வீரர்கள் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். அந்த வயதில் அவரிடம் இருபது வயதின் வேகம் இருந்திருக்க முடியாது. எதிரியின் கால் எங்கே வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

புதிதாக வந்து அசத்தியவர்களும் உண்டு. ஈரான் நாட்டு இளைஞர் முகமதுரெசா ஷாத்லூயி 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது புரோ கபடிப் போட்டியில்தான் முதன்முதலாக இறங்கினார். இடது கார்னர். அந்த ஒரே பருவத்தில் 89 பிடிப் புள்ளிகள். சிறந்த பிடி வீரர் பரிசும் அவருக்கே. அவருக்கு அடுத்தபடியாக 82 புள்ளிகளோடு நின்றவர் தமிழ் தலைவாஸ் அணியின் சாகர். ஈரான்காரர் ஒருவர் நம் நாட்டு ஆட்டத்தில் முதலிடம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. 1990 முதல் ஆசிய விளையாட்டில் தொடர்ந்து தங்கம் வென்றுவந்த இந்திய ஆண்கள் அணியை 2018-ல் அரையிறுதியில் வீழ்த்தியதே ஈரான்தான்!

மூன்றாம் நாள்

முதல் நாள் ஆட்டத்தைவிட மூன்றாம் நாள் ஆட்டம் முக்கியம். முதல் நாள் ஒரு பாட்டுக்காரன் இடது பக்கம் போவதுபோல் ஏமாற்றி வலது பக்கம் புள்ளி எடுத்தான். பையன் ஏமாந்தான். பரவாயில்லை, யாரும் ஏமாறுவார்கள். மூன்றாம் நாள் அதே ஆள் அதே வித்தையோடு வருகிறான். பையன் இப்போது என்ன செய்கிறான்? காலைப் பின்னால் இழுத்துப் பொறுத்து நின்றால், இரண்டு ராத்திரி அதை நினைத்துப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பையன் அன்று ஒரு பிடிகூடப் பிடிக்காமல் போனாலும் அவனை விட்டுவிடக் கூடாது.

போட்டிக்கு முந்திய ராத்திரி பட்டியல் எழுதுவார்கள். பன்னிரண்டு பெயர். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. புதுப் பையனின் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். இரண்டாம் பாதியில், ஆட்டம் கையில் இருக்கும்போது, ஒரு ஐந்து நிமிஷம் இறக்கிப் பார்ப்பார்கள்.

பெயரைப் படித்து முடித்ததும் அவனைக் கூப்பிட்டு ஒன்று கேட்பார்கள். "தம்பி, ஷூ எத்தனாம் நம்பர்?"