'இடமில்லை' என்கிறதா லினக்ஸ் கணினி? படங்களை அழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்

பிள்ளையின் பள்ளி வேலையைச் சேமிக்கப் போகும் நேரத்தில், வட்டில் இடமில்லை என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்கிறது. பதற்றத்தில் பலர் முதலில் கை வைப்பது குடும்பப் படங்களில்தான். அழித்த படம் திரும்பி வராது. ஆனால், யாருக்கும் தேவைப்படாத கோப்புகள் அதே வட்டில் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு உபுண்டு போன்ற லினக்ஸ் மறுவாழ்வு தருகிறது. வட்டு சிறியதாக இருந்தால் அது விரைவில் நிறைந்துவிடும். முழுதும் நிறைந்தால் புதுப்பிப்புகள் பாதியில் நிற்கும். சில வேளைகளில் கணினிக்குள் நுழையவே முடியாது.

முதலில் அளந்து பாருங்கள்

முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு டெர்மினலைத் திறந்து, 'டிஎஃப் -எச்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டினால், ஒவ்வொரு பகுதியும் எத்தனை விழுக்காடு நிறைந்துள்ளது என்பது தெரியும். கடைசியில் சாய்கோடு மட்டும் உள்ள வரிதான் கணினியின் மூலப்பகுதி.

எங்கே சேர்கிறது குப்பை?

* குப்பைத்தொட்டி: அழித்த கோப்பு முதலில் இங்கேதான் போகிறது. தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். 'டவுன்லோட்ஸ்' கோப்புறையையும் ஒருமுறை பாருங்கள்.

* நிறுவல் பொதிகள்: மென்பொருளை நிறுவப் பதிவிறக்கிய கோப்புகள் தங்கியிருக்கலாம். 'சுடோ ஏபிடி கிளீன்' அவற்றை நீக்கும். நிறுவிய மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது.

* பழைய கெர்னல்கள்: புதுப்பிப்புகளுக்குப் பிறகு இயங்குதளத்தின் பழைய கருக்கள் மிஞ்சிவிடும். 'சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' எவற்றை நீக்கப் போகிறது என்று பட்டியலிட்டு அனுமதி கேட்கும். பட்டியலைப் படித்த பிறகே சம்மதம் தெரிவியுங்கள்.

* பதிவேடுகள்: கணினி தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கிறது. 'சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்கும்-டைம்=2வீக்ஸ்' என்ற கட்டளை, இரண்டு வாரத்திற்கு முந்திய பழைய பதிவேடுகளை அகற்றும்.

செய்யக்கூடாதது

'ஆர்எம்' கட்டளையால் அழிப்பது குப்பைத்தொட்டிக்குப் போகாது, அப்போதே போய்விடும். 'யுஎஸ்ஆர்', 'பூட்' போன்ற கோப்புறைகளில் கையால் எதையும் அழிக்காதீர்கள். கணினி மறுபடி எழுந்திருக்காமல் போகலாம்.

அழித்தும் இடம் கூடவில்லையா? ஏதோ ஒரு மென்பொருள் அந்தக் கோப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை மூடினால் அல்லது கணினியை மறுதொடக்கம் செய்தால் இடம் விடுபடும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் படங்களின் பக்கம் போக வேண்டும். அப்போதும் அழிக்க வேண்டாம். வெளி வட்டு ஒன்றுக்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு இங்கே நீக்கலாம்.