பணியாளர் பன்மைக் குழுக்களும் பணியிட உள்ளடக்கலும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பாலினம், மாற்றுத்திறன், மொழி முதலிய பொதுக்கூறு ஒன்றால் இணையும் ஊழியர்கள் நிறுவனத்திற்குள் அமைத்துக்கொள்ளும் குழுக்கள் இங்குப் பணியாளர் பன்மைக் குழுக்கள் எனப்படுகின்றன. அவை உள்ளடக்கலுக்கும் வணிகத்திற்கும் துணைசெய்யும் முறையையும், திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் அவற்றிற்கு நேரும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பன்மைக் குழு, உள்ளடக்கல், ஒப்பந்தத் தொழிலாளர், புலம்பெயர் தொழிலாளர், கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

1964இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இனக் கலவரம் நிகழ்ந்தது. அதன்பின் அங்கு இயங்கிய ஜெராக்ஸ் நிறுவனம் கறுப்பினத்தவரை வேலைக்குச் சேர்க்க முனைந்தது. சேர்ந்தோர் பணியிடத்திலும் பாகுபாட்டை எதிர்கொண்டு ஒன்றிணைந்தனர். 1970இல் அவர்களது தேசிய அளவிலான குழு உருவாயிற்று. பன்மைக் குழுக்களின் தொடக்கமாகப் பெரிதும் சுட்டப்படுவது இதுவே. வேலையில் சேர்ப்பது மட்டும் உள்ளடக்கல் ஆகாது என்பதே இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

சென்னை ஆலையின் முன்னனுபவம்

தமிழகத் தொழில் வரலாறு இதற்கும் முற்பட்ட பாடம் ஒன்றைத் தருகிறது. 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதி அடிப்படையில் பிளவுற்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் பணிக்குச் சென்றனர். புளியந்தோப்பில் வன்முறை மூண்டது. 1922இல் நிர்வாகம் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற்ற நலக்குழு ஒன்றை அமைத்தது. ஆலைக்குள் வேறுபாடுகள் முன்பே இருந்தன; அவற்றைப் பேசித் தீர்க்கும் இடம் இல்லாதபோது அவை மோதலாயின. எனவே அடையாளம் சார்ந்த குழு, தொழிற்சங்கத்திற்கு மாற்றாக அமையின் பிளவுக்கும் கருவியாகக்கூடும்.

சட்ட அமைப்புகளும் பன்மைக் குழுக்களும்

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளருள்ள நிறுவனத்தில் இருதரப்பாரும் இடம்பெறும் பணிக்குழு அமைக்க ஆணையிடப்படலாம் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அவ்வேற்பாட்டைத் தொடர்கிறது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறுவனங்களிடம் சமவாய்ப்புக் கொள்கையைக் கோருகிறது.

இவை சட்டக் கடமைகள். பன்மைக் குழு தன்னார்வ அமைப்பு. இரண்டும் ஒன்றையொன்று நிரப்பக்கூடியவை. பெண்களின் இரவுப் பணிக்குத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் நீக்கி, பாதுகாப்பு, போக்குவரத்து போன்றவற்றை நிபந்தனைகளாக்கியது. நிறுவன வண்டி எந்த நிறுத்தம்வரை வருகிறது, அங்கிருந்து வீடு எவ்வளவு தொலைவு என்பவற்றைப் பயணம் செய்யும் பெண்களே அறிவர். அவ்வறிவை நிர்வாகத்திடம் சேர்ப்பதே பன்மைக் குழுவின் பணி.

வணிகப் பயன்

மெக்கின்சி நிறுவனம் 2015 முதல் வெளியிட்ட அறிக்கைகள் தலைமையின் பன்மைக்கும் இலாபத்திற்கும் தொடர்பு காட்டின. ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் ஆகியோரின் 2024ஆம் ஆண்டு ஆய்வால் அமெரிக்கப் பெருநிறுவனத் தரவுகளில் அத்தொடர்பை உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே இலாபம் பெருகும் என்னும் பொதுக்கூற்றைக் காட்டிலும், பயன் விளையும் வழியை ஆராய்வதே தகும். குறையைச் சொல்ல வழியற்றவர் வெளியேறுவர் என்பது ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம். குறை கேட்கப்படின் பணி விலகல் குறையும். புதியவரைப் பயிற்றும் செலவு மிஞ்சும். விபத்துக்கு முன்னரே இடர் தெரியவரும்.

தொழிற்பகுதியின் இயல்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடஎல்லையில் ஆந்திரத்தை ஒட்டியுள்ளது கும்மிடிப்பூண்டி. தமிழும் தெலுங்கும் பேசும் உள்ளூர் மக்களுடன் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளரும் இங்குள்ள உருக்காலைகளில் பணிபுரிகின்றனர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இங்குள்ளது. இருளர் குடியிருப்புகள் மாவட்டம் எங்கும் உள்ளன. ஆகவே பாலினத்தோடு மொழி, பூர்விகம், சாதி ஆகியனவும் இப்பகுதியின் பன்மைக் கூறுகளாகும். உலை அருகே ஒலிக்கும் எச்சரிக்கை ஒருவருக்குப் புரியாத மொழியில் இருப்பின், உள்ளடக்கல் உயிர்காக்கும் வினாவாகிறது.

ஆனால் பன்மைக் குழுக்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் நேரடி ஊழியர்க்கே உரியவை. ஒப்பந்ததாரர் வழி வருவோர் ஒரே கூரையின்கீழ் உழைத்தும் குழுவிற்கு வெளியே நிற்கின்றனர். 2013ஆம் ஆண்டுச் சட்டமோ ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் ஆகியோரையும் ‘பணியாளர்’ என்னும் வரையறைக்குள் கொணர்கிறது. சட்டம் ஏற்ற இவ்விரிந்த வரையறையைத் தன்னார்வக் குழுக்களும் ஏற்பதில் தடையேதுமில்லை.

முடிவுரை

பன்மைக் குழுவின் உறுப்புரிமை ஊதியப் பட்டியலைச் சாராது பணியிடத்தைச் சார்ந்து அமைதல் வேண்டும். கூட்டங்கள் தொழிலாளரின் மொழிகளில், பணிநேரத்திற்குள், ஊதிய இழப்பின்றி நிகழ்தல் வேண்டும். ஊதியப் பேச்சுவார்த்தை தொழிற்சங்கத்திற்கே உரியதாக நிற்றல் வேண்டும். இம்மூன்றும் அமையாவிடில், ஏற்கெனவே குரலுடையோர்க்கு மேலும் ஒரு மேடையாகவே இக்குழுக்கள் முடியும்.