கெத்தாம் தீவின் மீன்பாடு: படக்கருவியோடு ஒரு நாள்

கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேற்கே, சதுப்புநிலக் காடுகள் சூழ்ந்த தீவுகளில் ஒன்று கெத்தாம் தீவு. கிள்ளான் துறைமுகத்தின் பயணிகள் படகுத்துறையிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீடும் பள்ளியும் கோயிலும் சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. ஊருக்குள் கார் கிடையாது, மிதிவண்டியும் மின்சைக்கிளும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கே குடியேறிய ஹொக்கியன், தியோச்சூ சீனர்களின் வழிவந்தவர்களே பெரும்பாலோர். சுற்றுலா வருவோர் அந்த வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊரின் பிழைப்பைப் படமெடுக்க வேண்டுமானால் மலாக்கா நீரிணைக்குள் படகோடு போயாக வேண்டும்.

எந்தப் படகு எங்கே வலை போடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. 1960களில் இழுவைப் படகுகள் வந்ததும், அவற்றுக்கும் சிறு வலைக்காரர்களுக்கும் இடையே கடலிலேயே மோதல் வெடித்தது. அதன் விளைவாக 1980களின் தொடக்கத்தில் கடல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை சிறு படகுகளுக்கு. அதற்கு அப்பால் 12 மைல் வரை 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகுகளுக்கு. பெரிய படகுகளுக்கு அதற்கும் வெளியே. மேற்குக் கரையில் இந்த எல்லைகள் பின்னர் மேலும் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே கரையோரம் எடுத்த படத்தில் செவுள் வலையும் நண்டு வலையும் விழும். வின்ச் சுழலும் இழுவைப் படகைப் பிடிக்க நெடுந்தூரம் போக வேண்டும்.

புறப்படும் நேரத்தைக் கடல்தான் குறிக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் மாறுகிறது. வற்று நேரத்தில் ஓடை வறண்டு படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஏற்றம் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போவதால், இன்று ஐந்து மணிக்குக் கிளம்பிய படகு அடுத்த வாரம் வேறொரு நேரத்தில் கிளம்பும். ‘தெக்கோங்’ எனப்படும் படகுத் தலைவரிடம் முந்திய நாளே கேட்டு வைத்துக்கொள்வது வழக்கம்.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982இல் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டது. அதனால் இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடுகிறது. விடியலுக்கு முன் கிளம்பும் படகு வெகு தூரம் இருட்டிலேயே போகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் விடியலின் நீல ஒளியும் இருபது நிமிடம்தான். காலையில் படகு மேற்கே போகிறது, சூரியன் பின்னால். மாலையில் கிழக்கே திரும்புகிறது, அப்போதும் சூரியன் பின்னால். போகும்போதும் வரும்போதும் வெளிச்சம் விழுவது வலை கிடக்கும் பின்தளத்தின் மேல். அங்கே நின்று முன்பக்கம் திரும்பினால் முகங்கள் தெளிவாகப் பதியும். ஓட்டுநர் அறையருகே நின்று பின்பக்கம் பார்த்தால் உருவங்கள் கரிய நிழலாகிவிடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே எடுத்த லென்ஸில் ஈரக்காற்று பட்டதும் பனி படரும். அதனால் கருவியைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்குகிறார்கள். உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியே ஏற்றது. ஈரச் செதிலின் கண்கூசும் பளபளப்பைத் துருவ வடிகட்டி குறைக்கும், ஆனால் ஒளியையும் குடித்துவிடும். நிற்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இழுபடும் கம்பிவடத்துக்கு நேரேயும், சுருண்டு கிடக்கும் கயிற்றின் நடுவிலும் கால் வைக்கக் கூடாது.

இழுவை மடி கடலடியில் ஊர்ந்து செல்கிறது. இரு பக்கத்துப் பலகைகளும் நீரின் விசையால் விலகி அதன் வாயை அகற்றிப் பிடிக்கின்றன. சில மணி நேர இழுப்புக்குப் பிறகு வின்ச் ஓட, முதலில் பலகைகள் தண்ணீரைக் கிழித்து எழும். பிறகு கடற்பறவைகள் கூடும். கடைசியில் மடி, சேறு கலந்த நீரைக் கொட்டியபடி மேலே வரும். ஒருவர் அடிமுடிச்சை இழுத்துவிட, மீன் அத்தனையும் தளத்தில் சரியும். படம் அமைவதும் தவறுவதும் இந்த ஓரிரு நிமிடத்தில்தான். தெறிக்கும் நீரையும் துள்ளும் மீனையும் உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறப்பு வேண்டும்.

நிறமும் காத்திருக்காது. சோத்தோங், அதாவது கணவாய், தளத்தில் விழுந்ததும் தோலெங்கும் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி மினுமினுக்கும். கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். கெம்போங் மீனின் முதுகில் உள்ள நீலப்பச்சையும் அப்படியே மங்கும். சந்தையில் காணும் மீனுக்குக் கடலில் வேறு நிறம் இருந்தது என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி.

அடுத்து நடப்பது தரம் பிரித்தல். ஆட்கள் குவியலைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து வெள்ளை இறால், கணவாய், கெலாமா, பாவால், செனாங்கின் என்று தனித்தனிக் கூடைகளில் போடுகிறார்கள். திருக்கையின் வால்முள்ளும் கடற்கெளுத்தியின் முள்ளும் கையைப் பதம் பார்க்கும் என்பதால், முதலில் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது பொடிமீனும் விலைபோகாத குஞ்சும். ‘இக்கான் பாஜா’ என்று பெயர். அது மீன்தூளுக்கும் கூண்டு மீன்களின் தீனிக்கும் போகிறது. மடியின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருப்பதே குஞ்சுகள் தப்பட்டும் என்பதற்காக. நல்ல மீன் கூடையை மட்டும் எடுத்துவிட்டு இந்தக் குவியலை விட்டுவிடும் படம் பாதிக் கதைதான் சொல்லும்.

பிரித்த மீன் உடனே ஐஸுக்குள் போகிறது. கரையில் ‘தவுக்கே’ எனப்படும் மீன் முதலாளியின் மேடையில் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். படகுக்கு எண்ணெயும் ஐஸும் முன்பணமாகக் கொடுத்த தவுக்கேயிடமே மீன்பாட்டையும் கொடுப்பது இத்தொழிலில் பழைய ஏற்பாடு. அங்கிருந்து பெட்டிகள் லாரியேறி மொத்தச் சந்தைகளுக்கும், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் சமையலறைகளுக்கும் போய்ச் சேரும்.

படகுகளில் வெளிநாட்டு ஊழியர்களும் இருப்பதால், முகம் தெரியும் படத்துக்கு அவரவர் சம்மதம் வாங்குவது முறை. படத்தோடு நாள், இடம், வலை வகை, மீனின் பெயர் ஆகியவற்றையும் அன்றைக்கே குறித்துவைக்க வேண்டும். எந்த மீன் எந்த வலையில், எந்தக் கடலில், என்ன அளவில் விழுந்தது என்று பத்து ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அந்தக் குறிப்பு இல்லாத படம் பயன்படாது.