இறங்கும் விரலும் எழும் விரலும்

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் அமைந்த திமிரியைப் போன்ற ஒரு பேரூரிலிருந்து, கம்ப்யூட்டர் சாமான் வாங்குவதற்கென்று ஆற்காட்டுக்கோ வேலூருக்கோ பஸ் ஏறுகிறவர்களுள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு வகையினர் இப்போது ஒரே பொருளைக் கேட்டு ஒரே கடைக்குள் நுழைகிறார்கள். ஒருவர், தட்டச்சுப் பரீட்சையில் தேறி, குரூப் 4 தேர்வின் வழியே தட்டச்சர் உத்தியோகத்தை எதிர்பார்த்திருப்பவர், அல்லது டி.டி.பி. கடையிலோ, இராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் அலுவலகத்திலோ காலை முதல் மாலை வரை எழுத்துகளோடு மன்றாடுகிறவர். மற்றவர் கல்லூரி மாணவர். இரவு உணவுக்குப் பின் 'வேலரன்ட்', 'கவுன்டர் ஸ்டிரைக்' முதலிய ஆட்டங்களில் ஆழ்ந்துவிடுகிறவர். இருவரும் கேட்பது 'மெக்கானிக்கல் கீபோர்டு'. இருவருக்கும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவதோ, ஏழு வர்ணங்களிலும் மாறி மாறி ஒளிரும் ஒரே பலகை.

வர்ண விளக்குக்கும் விரலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எழுதுகிறவருக்கு விரல் கீழே இறங்கும் தருணம் பிரதானம். ஆடுகிறவருக்கு விரல் மேலே எழும் தருணம் பிரதானம். இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், சிவப்பு, நீலம், பழுப்பு என்று கடைகளில் அடுக்கப்படும் பெயர்களின் குழப்பம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நான்கு மில்லிமீட்டர்ப் பயணம்

அலுவலகங்களில் சாதாரணமாகக் காணும் மலிவு விலைப் பலகையின் உள்ளே ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சிறிய ரப்பர்க் குமிழ் இருக்கிறது. அழுத்தத் தொடங்கும்போது அது எதிர்த்து நிற்கிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் சடக்கென்று மடங்கி, அடித்தட்டில் போய் முட்டுகிறது. அந்த முட்டலில்தான் மின்சுற்று இணைகிறது. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் தரைமட்டும் போய்த் திரும்பியாக வேண்டும்; நாளடைவில் ரப்பர் தளர, எந்த விசை பதிந்தது, எது பதியவில்லை என்ற நிச்சயமும் தளர்ந்துவிடும்.

மெக்கானிக்கல் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்தால், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் கூட்டுக்குள், மேலே சிலுவை வடிவக் காம்புள்ள ஒரு தண்டும், அதைத் தாங்கும் சுருள் வில்லும், பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டும் இருப்பது தெரியும். தண்டு இறங்க, அதன் பக்கத்துப் புடைப்பு தகட்டை விடுவிக்கிறது, தகடு தகட்டைத் தொடுகிறது, எழுத்து பதிகிறது. அமெரிக்காவில் 1953இல் தொடங்கிப் பின்னர் ஜெர்மனியில் வேரூன்றிய செர்ரி நிறுவனம் 1980களில் வெளியிட்ட 'எம்எக்ஸ்' சுவிட்சே இவ்வமைப்புக்கு மூலம். அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின், கேட்டரான், கெய்ல் முதலிய சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்து விலையைக் குறைத்தன.

இந்தச் சுவிட்சின் முழு இறக்கம் 4 மில்லிமீட்டர். எழுத்து பதிவதோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே. பாதி வழியில் காரியம் முடிந்துவிடுகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். அந்தப் பாதி வழியை விரலுக்கு எப்படி அறிவிப்பது என்பதில்தான் வர்ணங்கள் வேறுபடுகின்றன. சிவப்பு எதையும் அறிவிப்பதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வழுக்கல். எழுத்தைப் பதிக்க 45 சென்டிநியூட்டன், அதாவது ஏறக்குறைய 46 கிராம் எடையின் அழுத்தம் போதும். கறுப்பும் அவ்வாறே, ஆனால் 60 சென்டிநியூட்டன் வேண்டும். பழுப்பு, பதியும் இடத்தருகே ஒரு சிறு மேட்டைத் தாண்டுவது போன்ற தடங்கலைத் தருகிறது. நீலம், அந்தத் தடங்கலோடு 'டக்' என்ற சப்தத்தையும் சேர்த்தே தருகிறது.

விரல்நுனியின் அறிவு

நம் விரல்நுனித் தோலுக்கடியில் பலவகை ஸ்பரிச உணர்விகள் உள்ளன. நிலையான அழுத்தத்தை அறிய மெர்க்கல் செல்கள். தோலின் மீது நிகழும் மெல்லிய அசைவுகளை அறிய மைஸ்னர் உணர்விகள். வினாடிக்கு இருநூறு, முந்நூறு தடவை நிகழும் நுண்ணிய அதிர்வை அறிய பசினியன் உணர்விகள். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் டேனரிகளில் தோலைத் தரம் பிரிக்கிறவர் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டியே அதன் தன்மையைச் சொல்லிவிடுவது எவ்வாறோ, அவ்வாறே பழகிய தட்டச்சரின் விரலும், கண் திரையை எட்டுவதற்கு முன்பே, எழுத்து பதிந்ததா இல்லையா என்பதை அறிந்துகொள்கிறது. பழுப்பும் நீலமும் அந்த அறிவுக்கு உணவளிக்கின்றன, சிவப்பு அளிப்பதில்லை.

இந்த உண்மையை ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் படிக்காமலே நம் நாட்டு அலுவலகங்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட 'டிவிஎஸ் கோல்டு' பலகை, பல்லாண்டுக் காலம் செர்ரியின் நீலச் சுவிட்சுகளோடு வந்தது. பில் போடும் மேசை, வங்கிக் கவுண்டர், டி.டி.பி. சென்டர் என்று எங்கு நோக்கினும் அதன் 'டக டக' ஓசை கேட்டதற்குக் காரணம், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் திரையைப் பாராமல் கணக்குச் சீட்டையே பார்த்துக்கொண்டு அடிக்கவேண்டியிருந்தது என்பதே. தமிழ்நாட்டவரான உதயகுமார் வடிவமைத்து 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியைத் தாங்கிப் பின்னர் வந்த 'பாரத்' என்னும் வடிவமும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

எழுதுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டச்சுப் பயிலகத்தில் 'யளனகபக' என்று தொடங்கிப் பழைய ரெமிங்டனிலோ, கோத்ரெஜிலோ கைபழகியவரின் விரல், எழுத்தச்சைத் தூக்கி ரிப்பன் மீது அறையும் அளவுக்கு ஓங்கி விழுந்தே பழகியது. அத்தகைய விரலைச் சிவப்புச் சுவிட்சின் மேல் வைத்தால், பக்கத்து விசையில் உராய்ந்ததெல்லாம் எழுத்தாகிவிடும். அவருக்குக் கனமான வில்லும், நடுவே ஒரு தடங்கலும் உள்ள சுவிட்சே உகந்தது. இரவில் வீட்டார் உறங்கும் அறையிலேயே வேலை செய்கிறவர் நீலத்தை விடுத்துப் பழுப்பை நாடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களோ அவரைத் தீண்டவே வேண்டியதில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சு இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள். சொல்லுக்கு ஐந்து தட்டல் என்று கணக்கிட்டால் முதுநிலைக்கு நிமிடத்துக்கு 225 தட்டல். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 270 மில்லிவினாடி. பலகை தன் செய்தியைக் கம்ப்யூட்டருக்கு ஒரு மில்லிவினாடிக்கொரு முறை அனுப்பினாலும் எட்டு மில்லிவினாடிக்கொரு முறை அனுப்பினாலும், இந்த இடைவெளியில் அது ஒரு பொருட்டே அன்று.

மீட்சியின் சூட்சுமம்

ஆடுகிறவரின் உலகம் வேறு. 'கவுன்டர் ஸ்டிரைக்' ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். இடப்பக்கம் ஓடுகிறவர் குறி பார்க்க வேண்டுமானால், இடப்பக்க விசையிலிருந்து விரலை எடுத்து, வலப்பக்க விசையைக் கணநேரம் தொட்டு, நின்று சுடவேண்டும். இங்கே வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது எவ்வளவு விரைவாக அழுத்தினார் என்பது மட்டுமல்ல. விரலை எடுத்த செய்தி எவ்வளவு விரைவாக இயந்திரத்துக்கு எட்டியது என்பதும்தான்.

எழுதுகிறவருக்கு நண்பனான நீலச் சுவிட்ச் இந்த இடத்தில் விரோதியாகிறது. அதன் தண்டு இரு பகுதிகளாக இருந்து, ஒன்று மற்றதைத் தாண்டித் துள்ளி விழுவதால்தான் அந்த ஓசை பிறக்கிறது. அதே காரணத்தால், விசை மீளவேண்டுமானால் அது பதிந்த இடத்தைவிட உயரமான ஓர் இடம் வரை விரல் எழவேண்டும். அதுவரையில் இயந்திரம், விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். தடங்கலற்ற சிவப்பில் பதியும் இடமும் மீளும் இடமும் ஏறக்குறைய அருகருகே இருப்பதால், ஆடுகிறவர்கள் அதை நாடினார்கள்.

அதையும் கடந்த யுக்தி ஒன்று, பழைய விஞ்ஞானத்திலிருந்தே வந்தது. மின்னோட்டம் பாயும் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால், தகட்டின் குறுக்கே சிறிது மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் கண்டார். விசைத் தண்டின் அடியில் ஒரு சிறு காந்தத்தைப் பொருத்தி, கீழே அந்த மின்னழுத்தத்தை அளக்கும் உணர்வியை வைத்துவிட்டால், தகடும் தகடும் தொடவேண்டிய அவசியமே இல்லை. விசை எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது கணந்தோறும் தெரிந்துகொண்டே இருக்கும். ஹனிவெல் நிறுவனம் 1960களிலேயே இதைப் பலகையில் கையாண்டது. அண்மையில் நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதற்கு 'ரேபிட் டிரிகர்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது: விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும் சரி, மேல்நோக்கி இம்மியளவு அசைந்தால் அதுவே விடுவிப்பு, கீழ்நோக்கி அசைந்தால் அதுவே மறு அழுத்தம்.

இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போயிற்றென்றால், எதிரெதிர் விசைகள் இரண்டு ஒருசேர அழுந்தியிருந்தாலும் கடைசியாக அழுந்தியதை மட்டும் ஏற்கும் தந்திரத்தைச் சில நிறுவனங்கள் பலகைக்குள்ளேயே புகுத்தின. மனிதன் செய்யவேண்டியதை இயந்திரம் செய்கிறது என்று கண்ட வால்வ் நிறுவனம், 2024 ஆகஸ்டில் தன் 'கவுன்டர் ஸ்டிரைக் 2' ஆட்டத்தில் அதற்குத் தடை விதித்தது. ஆட்டத்துக்காகப் பலகை வாங்குகிறவர் விளம்பரத்தை மட்டுமல்ல, ஆட்டத்தின் விதியையும் படித்துவிட்டே வாங்கவேண்டும்.

வினாடிக்கு எண்ணாயிரம் முறை செய்தி அனுப்பும் பலகைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். வினாடிக்கு 125 முறை அனுப்பும் பலகையில் செய்தி அதிகபட்சம் 8 மில்லிவினாடி காத்திருக்கும். 1,000 முறை என்றால் 1 மில்லிவினாடி. அந்த வித்தியாசம் கொள்ளத்தக்கது. அதற்கு மேல், 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு காட்சியை மாற்றவே ஏறக்குறைய 17 மில்லிவினாடி எடுத்துக்கொள்ள, மனிதக் கண்ணும் கையும் இணைந்து செயல்பட 200 மில்லிவினாடி அளவில் கழிய, எஞ்சிய ஒரு மில்லிவினாடிக்குள் சேமிப்பதற்கு என்ன இருக்கிறது?

அதைவிட அவசியமான பரீட்சை வேறொன்று உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி இழுக்க இயலாதாகையால், அவற்றை வரிசைகளும் நிரல்களுமாக ஒரு வலைப்பின்னலில் இணைத்திருக்கிறார்கள். அதில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகள் ஒருங்கே அழுந்தினால், மின்னோட்டம் சுற்றுவழியே போய், தொடப்படாத நான்காவது மூலையும் அழுந்தியதாகப் பொய்ச் செய்தி தோன்றும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை விசைதோறும் வைத்தால் இந்தப் பிரமை நீங்கும். வைக்காத பலகைகள், மூன்றாவது விசையை ஏற்காமலே விட்டுவிடும். கணக்கு எழுதப் பயன்படும் பலகைக்கு அதனால் நஷ்டமில்லை. ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே சுடுகிறவருக்கு அது பெரும் நஷ்டம்.

தமிழ் எழுதுகிறவரின் நிலை

இதுவரை எழுதுகிறவரையும் ஆடுகிறவரையும் இரு துருவங்களாக வைத்தோம். ஆனால் தமிழ் எழுதுகிறவர் முழுக்க முழுக்க முதல் துருவத்தில் நிற்பவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியபோது, மெய்யெழுத்தின் புள்ளிக்கெனத் தாளை நகர்த்தாத விசையைக் கையாண்டார். 'அம்மா' என்று அடிக்க அந்தப் புள்ளிக்கும் தனியே ஒரு தட்டல் வேண்டியிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' முறையிலோ, அந்தப் புள்ளியைக் கம்ப்யூட்டரே இட்டுக்கொள்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். உழைப்பு குறைந்தது, ஆனால் ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டும் கடமை நீங்கவில்லை. பட்டு, கொக்கு, பத்து, கப்பல், வெல்லம் என்று ஒற்று இரட்டிப்பது நம் மொழியில் வரிக்கு வரி நிகழ்வது. ஆகவே தமிழ்99 முறையில் எழுதுகிறவருக்கு இறக்கத்தில் நிச்சயமும் வேண்டும், எழுச்சியில் விரைவும் வேண்டும். நீலத்தின் உயர்ந்த மீட்சி அவர் விரலை ஒவ்வோர் இரட்டிப்பிலும் சற்றே அதிகம் உயரச் சொல்கிறது. பழுப்பு அந்த அளவுக்குச் சொல்வதில்லை. வாங்குமுன் கடையிலேயே 'பட்டுக்கோட்டை', 'அச்சப்பட்டு' என்று நாலைந்து தடவை வேகமாக அடித்துப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

வெயிலும் வேர்வையும்

இனி நம் பிரதேசத்தின் சீதோஷ்ணம். கத்திரி வெயிலில் வேர்த்த விரல் படப்பட, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆன விசைமூடிகள் சீக்கிரமே பளபளத்து வழுக்கத் தொடங்கும். பிபிடி என்னும் வகை நெடுநாள் சொரசொரப்பு மாறாதிருக்கும். தூசியோ அழுக்கோ தகடுகளுக்கிடையே புகுந்தால், ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழும். தகடு தகட்டைத் தொடும்போது இயல்பாகவே சில மில்லிவினாடி துள்ளி அடங்குவதுண்டு. அதைப் பலகையின் மென்பொருள் பொறுத்துக்கொள்ளும். அழுக்கால் அந்தத் துள்ளல் நீளும்போதுதான் பொறுக்க முடியாமல் போகிறது. தோலிலிருந்து உரோமம் நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படும் டேனரிப் பிரதேசங்களில் ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் கலக்கக்கூடும். அது வெள்ளியையும் செம்பையும் கருக்கும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. நல்ல சுவிட்சின் தொடுமுனையில் தங்கக் கலவை வைப்பது ஆடம்பரமல்ல என்பது இதனால் விளங்கும். தொடுமுனையே இல்லாத காந்தச் சுவிட்சுக்கு அந்தக் கவலையும் இல்லை.

ஆக, நாள் முழுதும் எழுதுகிறவர் 50, 60 சென்டிநியூட்டன் அளவில் தடங்கலுள்ள சுவிட்சையும் பிபிடி மூடிகளையும் கேட்டு வாங்கட்டும். ஆட்டமே பிரதானமென்பவர் காந்தச் சுவிட்சுப் பலகையை வாங்கட்டும். பகலில் எழுத்தும் இரவில் ஆட்டமுமாக இருப்பவர், சுவிட்சைப் பற்றவைக்காமல் பிடுங்கி மாற்றத்தக்க 'ஹாட்ஸ்வாப்' பலகையில், எல்லா விசைக்கும் டயோடு உள்ளதைத் தேர்ந்து, பழுப்பிலிருந்து தொடங்கட்டும். விரலுக்கு ஒவ்வாவிட்டால், சுவிட்சுகளை மட்டும் சிறிது செலவில் மாற்றிக்கொள்ளலாம். சுவிட்சுகளைத் தாங்கும் மின்பலகையை (சர்க்யூட் போர்டை) அப்படி மாற்ற முடியாது. எனவே கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி விளக்குக்குப் போகாமல் அந்த மின்பலகைக்குப் போவதே புத்திசாலித்தனம்.