இருள் நீளாத மலையில் பூனைக்குட்டிகள்

லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட வராது. இலங்கை மலையூரான எல்லவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. நாம் பொருட்படுத்தாத இந்தக் கணக்கைப் பெண் பூனையின் உடல் வைத்திருக்கிறது.

இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரக்கத் தொடங்கும். இரவு நீண்டால் சுரப்பும் நீளும். பூனையின் சூலகம் ஓய்ந்துவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில் ஆண்டுக் கடைசியில் குட்டிகள் குறைகின்றன; பூனைகளைப் பராமரிக்கும் தொண்டர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கும் எல்லவுக்கு அந்த நீண்ட இரவு வருவதே இல்லை. தை, ஆடி என்ற பேதமில்லாமல் இங்கே குட்டிகள் பிறக்கும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினைப்படலாம். இணைசேர்ந்த தூண்டுதலில்தான் முட்டை வெளிப்படுகிறது. ஆகவே சேர்க்கை வீணாவது குறைவு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்கலாம்!

பதுளைப் பக்கம் ஐப்பசி தொடங்கித் தை வரை பெருமழை. லயத்து விறகு அடுக்கிலோ தேயிலைத் தூரிலோ குட்டி கத்தினால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். அது வீட்டுப் பூனைக் குட்டிதானா என்றும் பாருங்கள். உடம்பில் துருநிறப் புள்ளியும் நெற்றியில் வெள்ளைக் கோடும் இருந்தால் அது காட்டுக்குரிய துருப்புள்ளிப் பூனையாக இருக்கலாம். வளர்ந்த பிறகும் ஒன்றரைக் கிலோ அளவே இருக்கும், உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று அது. சட்டம் காக்கும் உயிர். அதை விட்டு விலகுங்கள்.

தாய் வரவேயில்லை என்றால் முதல் வேலை பால் ஊட்டுவதல்ல, சூடேற்றுவது. பிறந்து சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குடல் அசையாது. பால் செரிக்காமல் தங்கும். பசி என்று பதறி ஊட்டிய பாலே பல குட்டிகளின் உயிரைக் குடித்திருக்கிறது. சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடான பின், பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து, வயிறு கீழே இருக்கும்படி பிடித்துக் கொடுங்கள். பசும்பால் பேதியாக்கும். ஈரப் பஞ்சால் பின்புறம் தடவினால்தான் சிறுநீர் கழியும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது. காய்ச்சலென்று பனடோல் மாத்திரை கொடுக்கவே வேண்டாம். அந்த மருந்தின் நஞ்சை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ஒரு மாத்திரையே கொல்லும்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்ட குட்டி மனிதரோடு பழகிவிடும். அந்தக் காலம் தப்பியதைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்குள் அடைப்பது அதற்கு வதை. பிடித்து, கருத்தடை செய்து, விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் நியாயம். அப்படி விடப்படுவதன் ஒரு காது நுனியை, பெரும்பாலும் இடக்காதை, மயக்கத்தில் இருக்கும்போதே நேராக வெட்டிவிடுவது உலகெங்கும் உள்ள அடையாளம். தெற்கே மிதிகமவில் அனிமல் எஸ்ஓஎஸ் ஸ்ரீலங்கா என்ற தொண்டு அமைப்பு தெரு நாய், பூனைகளுக்குக் காப்பகம் நடத்துவதோடு கருத்தடையும் செய்கிறது.

எல்லவில் விடுதி வாசல் பூனைக்கு மீன் துண்டு போடுகிறவர்களே, அதைக் கருத்தடைக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் செலவில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டுப் போங்கள். நாலு மாத வயதிலேயே பெண் பூனை சினைப்படலாம்.